போட்டோகிராபிக்கு விஸ்காமா, ஓவியக் கல்லூரியா?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: பையனுக்கு போட்டோகிராபி ஆசை, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன் டிகிரி) சேர்க்கலாமா, ஓவியக் கல்லூரிக்கு அனுப்பலாமா, இல்லை ஒரு கேமரா வாங்கிக் கொடுத்து ஆறு மாதக் கோர்ஸில் விட்டால் போதுமா? நான் விஸ்காம் படித்தவன். என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பெயிண்டிங் படித்தான். மூன்று வருஷம் அவன் வேலையையும் என் வேலையையும் தினமும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. விஸ்காமில் போட்டோகிராபி என்பது பல பேப்பர்களில் ஒன்று. தகவல் தொடர்பியல், விளம்பரம், ஸ்கிரிப்ட், வீடியோ, கிராபிக் டிசைன் எல்லாம் கூடவே ஓடும். முதல் வருஷம் டிராயிங்கும் உண்டு, ஆனால் பலர் அதை ரெக்கார்டை முடித்துக் கொடுக்கும் வேலையாகவே பார்க்கிறார்கள். போட்டோ ஆல்பமும் அப்படித்தான்: சில்லவுட் (உருவம் கறுப்பு நிழலாகத் தெரியும் படம்) ஒன்று, பேனிங் (ஓடுகிறதைக் கேமராவோடு தொடர்ந்து எடுப்பது) ஒன்று, டெக்ஸ்சர் (மேற்பரப்பின் சொரசொரப்பு) ஒன்று, போர்ட்ரெய்ட் (முகப் படம்) ஒன்று, பிரிண்ட் போட்டு ஒட்டி, வெளியிலிருந்து தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) வந்து பார்த்துவிட்டால் அந்தத் தலைப்பு முடிந்தது. ஓவியக் கல்லூரியில் இதற்கு நேர் எதிர். ஒரு பெரியவர் மாடலாக வந்து உட்கார்ந்தால் நாள் கணக்கில் அவரையே கரியில் வரைந்துகொண்டிருப்பான் என் நண்பன். கன்னத்து எலும்புக்குக் கீழே நிழல் தப்பு என்று ஆசிரியர் சொன்னால் அழித்துவிட்டு மறுபடியும். ராத்திரி அறைக்கு வந்தும் அதே முகத்தைச் சின்ன ஸ்கெட்ச் புக்கில் போடுவான், எழும்பூர் ஸ்டேஷனில் தூங்குகிறவர்களை வரைந்த பக்கங்களும் அதில் இருக்கும்.

ஒரு நாள் என் கேமராவை வாங்கி எங்கள் மெஸ் அக்காவைப் படம் எடுத்தான். அவரை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி உட்கார வைத்தான், அவ்வளவுதான் செய்தான். என் ஆல்பத்தில் இருந்த எந்த போர்ட்ரெய்ட்டும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. முகத்தில் வெளிச்சம் எங்கே திரும்புகிறது என்று பார்க்க நான் அவனிடம் கற்றுக்கொண்டு முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

என் நண்பன் படித்த கல்லூரிக்கும் கேமராவுக்கும் பழைய உறவு உண்டு. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய கல்லூரி. அந்த முதல் பத்தாண்டிலேயே அங்கே போட்டோகிராபியும் சொல்லிக் கொடுத்தார்கள், மெட்ராஸில் போட்டோகிராபி சங்கம் உருவாகவும் ஹண்டர் காரணமாக இருந்தார். வரைகிறவனும் படம் எடுக்கிறவனும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஊர் இது.

சரி, அப்படியானால் எல்லாரும் ஓவியக் கல்லூரிக்கே போகலாமா என்றால், முடியாது. ஓவியக் கல்லூரியில் தரும் பி.எஃப்.ஏ. டிகிரி நான்கு வருஷம், விஸ்காம் மூன்று. தமிழ்நாட்டில் சென்னை, கும்பகோணம் இரண்டு இடத்தில்தான் அரசு கவின் கலைக் கல்லூரி. இடம் கொஞ்சம், மார்க் மட்டும் போதாது, வரைந்து காட்ட வேண்டும். உள்ளே போனாலும் பெயிண்டிங், சிற்பம், செராமிக், டெக்ஸ்டைல் என்றுதான் பிரிவுகள். விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்ற பிரிவின் பெயரைப் பார்த்து அதுவும் நம் விஸ்காமும் ஒன்று என்று சேர்ந்துவிடாதீர்கள், அது டிசைன் படிப்பு. ஸ்டுடியோ லைட்டிங், எடிட்டிங், ஒரு கிளையண்ட் சொன்ன நாளில் படத்தை முடித்துக் கொடுப்பது, இதெல்லாம் என் நண்பன் வெளியே வந்த பிறகு தானாகக் கற்றுக்கொண்டதுதான்.

அங்கேதான் விஸ்காம் ஜெயிக்கிறது. நல்ல துறையாக இருந்தால் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி), பேக்டிராப் (பின்னணித் திரை) எல்லாம் கைக்கு வரும். லைட்டை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, நீங்களே ஸ்டாண்டைத் தூக்கி நகர்த்தி முகம் இருண்டு போவதைப் பார்ப்பது வேறு. குழுவாக வேலை செய்யவும் பழகுவீர்கள், இன்டர்ன்ஷிப்பில் பத்திரிகை, விளம்பரம், சினிமா மூன்றையும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் எல்லாக் கல்லூரியும் அப்படி இல்லை. பல இடங்களில் இது சுயநிதிப் படிப்பு, செமஸ்டர் கட்டணத்தோடு கேமரா, லென்ஸ், பிரிண்ட் செலவும் வீட்டின் தலையில்தான் விழும். அரசுக் கல்லூரிக் கட்டணம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

குறுகிய காலக் கோர்ஸை நான் தாழ்வாக நினைக்கவில்லை. ஏற்கெனவே பி.காமோ இன்ஜினியரிங்கோ படிக்கிறவர்களுக்கு அதுதான் சரி. பிரபல போட்டோகிராபர் ரகு ராயே சிவில் இன்ஜினியரிங் படித்தவர்தான். கருவியைக் கையாளும் வேகம் சில மாதத்தில் வந்துவிடும், ஆனால் உங்கள் படங்களை வருஷக்கணக்கில் பார்த்து "இது போன மாசம் எடுத்ததே தானே" என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது, அதை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். அப்புறம், சினிமா ஒளிப்பதிவுதான் ஆசை என்றால் தரமணி திரைப்படக் கல்லூரியைப் பாருங்கள், ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். அந்த ஆசைக்கு மற்ற மூன்றும் சுற்றுவழி.

என் பக்கம் எது என்று கேட்டால்: கை ஏற்கெனவே வரைகிறது, நான்கு வருஷம் பொறுக்க முடியும் என்றால் தயங்காமல் பி.எஃப்.ஏ. வரையத் தெரியாது, வேலையும் சீக்கிரம் வேண்டும் என்றால் விஸ்காம், கூடவே வாரம் இரண்டு மாலை எங்காவது டிராயிங் வகுப்பு. கேமராவுக்குப் பெரிய பணம் போடாதீர்கள், பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் 50 எம்.எம். லென்ஸும் முதல் இரண்டு வருஷத்துக்குத் தாராளம்.

ஃபீஸ் கட்டும் முன் ஒரு வேலை நாளில், மதியம் மூன்று மணிக்கு மேல், சொல்லாமல் அந்தத் துறைக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை மாணவருக்கு எத்தனை கேமரா, வாரத்தில் எத்தனை மணி நேரம் பிராக்டிகல், படத்தைச் சுவரில் மாட்டி எல்லார் முன்னாலும் யாராவது பேசுகிறார்களா என்று அங்கே நிற்கும் இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஸ்டுடியோ கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.