கன்னியாகுமரி முதல் சென்னை வரை 812 கிலோமீட்டர்: இரண்டு சைக்கிள்களும் நான்கு வருடமும்

இரண்டு சைக்கிளையும் வாங்கி நான்கு வருடம் ஆகிவிட்டது, இனி எழுதலாம். என்னுடையது 700சி என்கிற பெரிய அளவுச் சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 24 கியர், விலை 42,000. மனைவியுடையது 26 அங்குலச் சக்கரம், ரப்பர் கட்டை பிரேக், 7 கியர், ஒருவர் ஓட்டி அலுத்துப்போனதை 6,500 ரூபாய்க்கு எடுத்தோம். எது நல்ல சைக்கிள் என்று கேட்டால் மனைவியுடையதுதான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு நெடும்பயணம் தேவைப்பட்டது.

2023 ஜனவரியில் பொங்கல் முடிந்த கையோடு கன்னியாகுமரியிலிருந்து கிளம்பினோம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துப் புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்டு வரும் ஒரு சின்னக் குழு எங்கள் ஊரில் இருக்கிறது. மாமியாரின் கடைசி ஐந்து மாதமும் அவர்கள்தான் வந்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. அவர்களுக்காகக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று நண்பர்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டு கடற்கரை ஓரமாகவே சென்னை போவது என்று திட்டம். பன்னிரண்டு நாள், மீட்டரில் 812 கிலோமீட்டர்.

முதல் தப்பு திசை. தை மாதத்தில் வடக்கே போகிறோம், அதாவது வாடைக்காற்று நேரே முகத்தில். மணப்பாடு பக்கம் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "வாடையில வடக்க போறியளா? எதுக்காலயே அடிக்கும்லா, வண்டி எப்படி ஓடும்?" என்று கேட்டுவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் சென்னையிலிருந்து கிளம்பியிருப்போம். 24 கியரில் பாதி அந்தக் காற்றில் சும்மாதான் கிடந்தது.

திருச்செந்தூர் சாலையில் எதிரே பச்சை வேட்டி கட்டிக்கொண்டு பாதயாத்திரைக் கூட்டம், தைப்பூசம் நெருங்குகிற நேரம். அந்தச் சாலையில் பையோடு போகிற எவரும் வேண்டுதலோடு போகிறவர் என்றே கணக்கு. "சைக்கிள்லயா வேண்டுதல்?" என்று கேட்டவர்களுக்கு முதல் இரண்டு நாள் நன்கொடை, குழு, கிலோமீட்டர் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மனைவி சும்மா "ஆமா" என்று சொல்லிவிட்டாள், அப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. உடன்குடியில் ஒரு அக்கா இரண்டு வட்டுக் கருப்பட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார். பையில் 90 ரூபாய் விலையில் ஆறு எனர்ஜி பார் வைத்திருந்தேன், அதில் நான்கு வீட்டுக்கே திரும்பி வந்தன.

சரி, சைக்கிளுக்கு வருவோம். வேம்பாரைத் தாண்டினால் சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அந்த முள்ளுக்கு எந்த டயரும் ஒன்றுதான். ஒரே நாளில் எனக்கு மூன்று பஞ்சர், அவளுக்கு இரண்டு. அவளுடைய டியூபை எந்தச் சைக்கிள் கடையிலும் ஒட்டிக்கொடுத்தார்கள், டியூபே போனாலும் 26 அங்குலம் எல்லா ஊரிலும் தொங்குகிறது. என்னுடையது பிரெஸ்டா வால்வு, ஒல்லியான மூக்கு. பெட்ரோல் பங்கில் காற்று ஏறாது, கடையிலுள்ள பம்பு பிடிக்காது, நான் கொண்டுபோன கைப்பம்புதான் கதி. கொண்டுபோன மாற்று டியூப்கள் தீர்ந்தன. சொல்யூஷனோ மூடி சரியாக இல்லாமல் காய்ந்து கல்லாகிவிட்டது. மீமிசலுக்குச் சற்று முன்னால் கடைசி டியூபின் வால்வு அடியிலேயே கிழிந்தது, அங்கே கிழிந்தால் ஒட்டவும் முடியாது.

ஒரு மீன் வண்டிக்காரர் சைக்கிளை மேலே ஏற்றி, என்னையும் ஐஸ் பெட்டிமேல் உட்காரவைத்துக் கடைக்குக் கொண்டுபோய் விட்டார். மனைவி பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தச் சக்கரத்துக்கு நம்ம 28 டியூப் உள்ள போயிரும் தம்பி, வால்வுதான் போகாது, ஓட்டை சிறுசு. பெருசாக்கவா?" என்றார். 42,000 ரூபாய்ச் சைக்கிளின் ரிம்மில் அரம் வைப்பதா என்று நான் விழித்தேன், "பண்ணுங்கய்யா" என்று மனைவி சொல்லிவிட்டாள். முக்கால் மணி நேரம் உருட்டு அரத்தால் ராவினார், பிசிறை விரலால் தடவித் தடவி எடுத்தார், வால்டியூப் போட்ட நம்மூர் டியூபை உள்ளே தள்ளிக் காற்றடித்தார். பிறகு நான் கேட்காமலேயே முன்சக்கரத்துக்கும் அதையே செய்தார்.

டியூப் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். வேலைக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "இந்த மாதிரி வால்வு இன்னைக்குத்தான் பாத்தேன், படிச்சதுக்குச் சரியாப்போச்சு" என்றார். மனைவியின் சைக்கிளுக்கு ஒட்டிய பஞ்சருக்கு மட்டும் கறாராக இருபது ரூபாய், அதில் படிக்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து என் சைக்கிளும் ஊர்ப்பேச்சு பேச ஆரம்பித்தது, சென்னை வரை எந்தக் கடைக்காரரும் கையை விரிக்கவில்லை.

பிரேக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். திருத்துறைப்பூண்டி வருவதற்குள் பின் பிரேக் தொளதொளத்துவிட்டது. ஆயில் விட்டுக் காற்றெடுக்க வேண்டும், கருவி யாரிடமும் இல்லை. புதுச்சேரி வரை முன் பிரேக் ஒன்றுதான். அவளுடைய பிரேக்குக்கு ஒரு ஜோடிக் கட்டை அறுபது ரூபாய். பைகள் இரண்டுமே தண்ணீர் புகாதவை, அது உண்மை, ஆனால் ஒன்றின் கொக்கி ஐந்தாம் நாளே உடைந்தது. வாரண்டியில் விசாரித்தபோது "தவறான பயன்பாடு" என்று பதில் வந்தது. பை வேறு எதற்குப் பயன்படும் என்று தெரியவில்லை. இன்றுவரை சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய கட்டால்தான் பை நிற்கிறது.

திருத்துறைப்பூண்டியில் முகூர்த்தம் என்று லாட்ஜ் எல்லாம் நிரம்பிக் கிடந்தது. கல்யாண மண்டபத்து வாசலில் தண்ணீர் கேட்டோம். மாப்பிள்ளை வீட்டார் மாடியில் ஒரு மூலையைக் காட்டிவிட்டார்கள், காலையில் பந்தியில் உட்காராமல் விடவில்லை. 101 ரூபாய் மொய் வைத்தோம். எழுதியவர் ஊர் பெயரெல்லாம் கேட்கவில்லை, "சைக்கிள்காரங்க" என்று எழுதிக்கொண்டார்.

வேதாரண்யத்தில் உப்பளம் பார்க்க அகஸ்தியம்பள்ளி வரை போனோம். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். நடந்து வருகிறவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்ட, ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்களாம். முந்தின நாள் பந்தியில் மூன்றாவது இட்லியை வேண்டாம் என்று சொல்லித் தோற்றவனுக்கு இதை நம்புவதில் சிரமமே இல்லை. அந்த உப்புக் காற்றில் இரண்டு செயினும் ஒரே இரவில் சிவந்துபோயின என்பதையும் குறித்துக்கொள்ளவும், எண்ணெய் தாராளமாக எடுத்துப் போங்கள்.

எல்லோரும் தங்கமில்லை. ஒரு லாட்ஜில் சைக்கிளுக்கும் பைக் கணக்கில் பார்க்கிங் வாங்கினார்கள். இரவு எங்கே தங்குவது என்பதில் மனைவி சொன்னதே முடிவு, பெண்கள் இல்லாத இடத்தில் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் தங்கவில்லை. புதுச்சேரிக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, கார்கள்.

நண்பர்கள் தந்தது 1,47,000. வழியில் நாங்கள் கேட்காமலே பையில் போடப்பட்டவை தனியாக 9,340, அதில் பெரும்பாலும் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள். எல்லாம் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது மனைவியின் சைக்கிள் 11,000 கிலோமீட்டர் தாண்டி ஓடுகிறது, செயின் இரண்டு முறை, பிரீவீல் ஒரு முறை மாற்றியதோடு சரி. என்னுடையதை விற்றுவிடலாம் என்று ஆறு மாதம் முன்பு விளம்பரம் போட்டேன். பார்க்க வந்த பையன் நன்றாகத்தான் சோதித்தான். பிறகு ரிம்மில் வால்வைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, "இதை யாரு சார் இப்படிக் கெடுத்தது?" என்றான். விற்கவில்லை.