விபிஎன் என்று பில் போட்டு, வெறும் போர்ட்டைத் திறந்துவிட்டுப் போனார்கள்

மண்டபம் பக்கம் நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றுமதிக்காரர்களுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, சரக்கு வராது, ஆனால் ஜிஎஸ்டியும் வருடக் கணக்கும் நிற்காது. வீட்டிலிருந்தே ஆபீஸ் சர்வரில் டேலி பார்க்க வழி வேண்டும் என்று முதலாளி ராமநாதபுரத்திலிருந்து ஒரு நெட்வொர்க் ஆளை வரவழைத்தார். விபிஎன், அதாவது வெளியாள் நுழைய முடியாதபடி ஆபீஸுக்குப் போகும் பூட்டிய தனி வழி, போட 18 ஆயிரம், லைசென்ஸ் வருடத்துக்கு 6 ஆயிரம். பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் அந்த நெட்வொர்க் ஆள் இன்டர்நெட் கம்பெனியிடம் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, வாங்கச் சொன்னார். அதில் தப்பில்லை, பல பிராட்பேண்ட் லைன்களில் நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபிதான் இருக்கும், வெளியிலிருந்து நம் ரவுட்டரைத் தேடி வர முடியாது.

ஆனால் விபிஎன் என்று எதுவுமே போடவில்லை. ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு கதவைத் திறந்து நேரே சர்வருக்குத் திருப்பிவிட்டிருந்தார், அவ்வளவுதான். அது வேறு இடத்திலிருந்து மெஷினை இயக்க உதவும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட். எங்கே திறந்து கிடக்கிறது என்று உலகம் முழுக்க ஆட்கள் புரோகிராம் வைத்து இரவு பகலாகத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வரும் முக்கியமான வழிகளில் இதுவும் ஒன்று. எங்கள் எல்லோருக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, ஒரே பாஸ்வேர்ட் வேறு.

காலையில் அடிக்கடி கணக்கு லாக் ஆகிக் கிடந்தது. கேட்டால் "அண்ணே, நெட் ஸ்லோ, அதான்" என்பார். மதுரையில் ஐடி வேலை பார்க்கும் முதலாளியின் தங்கை மகன் ஊருக்கு வந்தபோது, மெஷினில் நடப்பதன் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினான். 4625 என்ற எண்ணில், அதாவது லாகின் தோல்வி என்று, பக்கம் பக்கமாக ஓடுகிறது. admin என்று முயன்றிருக்கிறார்கள், test என்று, tally என்றுகூட. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஐஸ் கம்பெனிக்கும் படகுக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டிய பாக்கி முழுக்க அந்த ஒரு மெஷினில்தான் இருக்கிறது.

போன் போட்டால், "போர்ட் நம்பரை மாத்தித் தர்றேன் அண்ணே, 5 ஆயிரம் ஆகும்" என்றார். நம்பரை மாற்றினால் மட்டும் தப்பிக்க முடியாது, தேடுகிறவர்கள் எல்லாப் போர்ட்டையும்தான் தட்டிப் பார்க்கிறார்கள். லைசென்ஸ் எங்கே என்றதற்குப் பதிலே இல்லை. ரவுட்டர் பாஸ்வேர்டையும் தர மறுத்தார். அது கம்பெனி காசு போட்டு வாங்கிய ரவுட்டர், பாஸ்வேர்டைத் தர மறுக்க இவர் யார்? கடைசியில் ரீசெட் செய்துதான் அதை மீட்டோம். பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

இப்போது வயர்கார்டு என்ற உண்மையான விபிஎன் போட்டிருக்கிறோம். இலவச மென்பொருள், லைசென்ஸ் கட்டணம் என்ற பேச்சே கிடையாது, அமைத்துக் கொடுப்பவருக்குக் கூலி கொடுத்தால் போதும். ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி, ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடையதை மட்டும் நீக்கலாம். சரியான சாவி இல்லாமல் வருகிறவருக்கு அது பதிலே சொல்லாது. 3389-ஐ வெளியிலிருந்து மூடியாயிற்று.

உங்கள் ஆபீஸில் யாராவது விபிஎன் போட்டுத் தந்திருந்தால் இதைச் செய்து பாருங்கள். செல்போனில் வைஃபையை அணைத்து, விபிஎன் ஆப்பையும் அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ரிமோட் டெஸ்க்டாப் ஆப்பைத் திறந்து ஆபீஸ் ஐபியைக் கொடுங்கள். உள்ளே போக முடிந்தால், விபிஎன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் போர்ட் வெளியே திறந்து கிடக்கிறது. உடனே ரவுட்டரில் அந்தப் போர்ட்டை மூடுங்கள், பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், கணக்கை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக் கழற்றித் தனியாக வையுங்கள். ஈவென்ட் வியூவரில் 4624, அதாவது வெற்றிகரமான லாகின், தெரியாத வெளி ஐபியிலிருந்து, நீங்கள் யாரும் உள்ளே போகாத நேரத்தில் இருந்தால் (விண்டோஸ் தன் சொந்த வேலைக்கும் இதே எண்ணைப் பதியும், அது வேறு) அதை அப்படியே விடாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் மெஷினைக் காட்டுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்.

தொண்டியிலும் கீழக்கரையிலும் பல கம்பெனிகளுக்கு இதே மாதிரி செய்து கொடுத்திருப்பதாக எங்களிடம் அவரே சொன்னார். அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.