பழைய டோட்டல் ஸ்டேஷன் வாங்கி 1,85,000 ரூபாயை இழந்தேன்: நீங்களாவது ஏமாறாதீர்கள்

மூன்று வாரங்களுக்கு முன், பழைய பொருள்களை விற்கும் இணையதளம் ஒன்றில் விளம்பரம் பார்த்து, அளவைக் கருவிகள் விற்கும் ஒரு கடையில், நிலத்தில் கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் பழைய டோட்டல் ஸ்டேஷன் ஒன்றை 1,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒவ்வொரு வேலைக்கும் வாடகைக்கு எடுப்பதை நிறுத்தலாம் என்று, நகையை அடகு வைத்துத் திரட்டிய பணம் அது.

கடைக்காரர் கருவியை முக்காலியில் ஏற்றித் தெருக்கோடிக் கோபுரத்தின் கலசத்தைக் காட்டினார். அதன் நுனி குறுக்கிழையில் அசையாமல் நின்றது. "அஞ்சு செகண்ட் மிஷின் சார், போன மாசம்தான் காலிபரேஷன் முடிச்சோம்" என்று முத்திரையிட்ட சான்றிதழையும் நீட்டினார். கோணத்தை ஐந்து வினாடித் துல்லியத்தில் அளக்கும், அளவுகளைச் சரிபார்த்தாயிற்று என்று பொருள். (இந்த வினாடி நேரமல்ல: ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 வினாடி.) கூர்மையாகத் தெரிவது கண்ணாடியின் தரத்தைத்தான் காட்டும், கோணம் சரியென்று காட்டாது என்பது இத்தனை ஆண்டுகள் இத்தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாளை நம்பி முழுத் தொகையையும் அங்கேயே கட்டினேன்.

முதல் வேலை, லால்குடிப் பக்கம் 60 மீட்டர் நீள நெல் கிடங்கு ஒன்றின் அடித்தள மார்க்கிங். நடுமுளையின் மேல் கருவியை நிறுத்தி, ஒரு முனையைப் பார்த்துவிட்டு, தொலைநோக்கியைப் புரட்டி மறுமுனைக்குக் கோட்டை நீட்டினேன். குழி வெட்டி, அடிக் கான்கிரீட்டும் போட்ட பிறகு, கொத்தனார் முனைக்கு முனை நூல் கட்டியபோது நடுமுளை ஓர் அங்குலம் விலகி நின்றது. உடனே ஒரே புள்ளியை ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் இரண்டிலும், அதாவது ஒரு முறை நேராகவும், மறுமுறை தொலைநோக்கியைப் புரட்டிக் கருவியைத் திருப்பியும் படித்தேன்: சரியாக 180 பாகை வேறுபட வேண்டிய அளவீடுகளில் 6 நிமிடப் பிழை இருந்தது. 5 வினாடிப் பிழை 30 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட ஆகாது. இங்கோ 6 நிமிடப் பிழையால் கடைசித் தூணின் இடம் 52 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது. இரும்புத் தூண்களைப் பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் பதிக்கும் கட்டடத்தில் இது எப்படிப்பட்ட கேடு என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். கருவிக்குள்ளேயே உள்ள திருத்த வசதியில் பிழையைச் சரிசெய்தேன். மறுநாள் காலையில் மீண்டும் 4 நிமிடம் மாறியிருந்தது. எங்கோ கீழே விழுந்த கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை.

கடைக்காரரை அழைத்தபோது, முதல் நாள் வெயிலைக் காரணம் சொன்னார். அடுத்த நாள் முக்காலியைக் குறை சொன்னார். பிறகு டெக்னீஷியன் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார். கடைசியில், "நீங்களே கீழே போட்டுட்டு எங்களைச் சொல்றீங்களா" என்று கேட்டு அழைப்பைத் துண்டித்தார். இணையதளமோ, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் தனக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டது. நேற்று இரவுதான் சான்றிதழை நிதானமாகப் படித்தேன். அதிலுள்ள வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் கருவியில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை. 1,85,000 ரூபாய் கொடுத்து, வேறொரு கருவியின் சான்றிதழை வாங்கி வந்திருக்கிறேன்.

பழைய கருவி வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவை மட்டும். கடையிலேயே இரண்டு ஃபேஸிலும் படித்துப் பாருங்கள். வரிசை எண்ணை ஒப்பிடுங்கள். முழுப் பணத்தைக் கட்டாதீர்கள். எந்தக் கருவி வைத்து மார்க்கிங் செய்தாலும் கான்கிரீட்டுக்கு முன் நூல் கட்டுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். அடிக் கான்கிரீட்டை உடைத்து ஐந்து குழிகளை மறுபடி வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தக் கூலியும் என் கையிலிருந்துதான்.