தாழ் விழாத கதவா, திறக்காத கதவா?

எஸ்சிஎன்5ஏ என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறினால், இதயத் தசையின் சோடியம் கால்வாய், அதாவது செல்லுக்குள் சோடியம் நுழையும் கதவு, முழுதாக மூடாமல் கசியலாம். அது நீள் க்யூடி என்ற இதயத் துடிப்புக் கோளாறின் மூன்றாம் வகை. அதே மரபணுவில் வேறோர் எழுத்து மாறினால், சோடியம் போதிய அளவு உள்ளே வராமல் போகலாம். அது புருகாடா என்ற இன்னொரு துடிப்புக் கோளாறு. கதவு ஒன்று, பழுது இரண்டு. சோடியம் போன்ற அயனிகளைக் கடத்தும் கால்வாய்களில் எந்த மாற்றம் நோய் தரும் என்று கணிக்கும் மென்பொருள்களை நான் இந்தக் கதவை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

2001இல் வந்த சிஃப்ட் என்ற மென்பொருள் கேட்பது ஒரே கேள்வி: புரதத்தின் கட்டுமானக் கல்லான இந்த அமினோ அமிலம் பரிணாமத்தில் மாறாமல் வந்திருக்கிறதா? மதிப்பெண் 0.05 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கெடுதல். எளிமையான கருவி, இன்று அதை மட்டும் நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை.

2016இல் வந்த ரெவல் 13 கருவிகளின் மதிப்பெண்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. அதன் பலம் அளவுகோல். 2022இல் வெளியான மறுமதிப்பீட்டின்படி 0.644 முதல் நோய் தரும் என்பதற்குத் துணைச் சான்று, 0.773 முதல் நடுத்தரச் சான்று, 0.932 முதல் வலுவான சான்று. எந்த எண்ணுக்கு எவ்வளவு எடை என்று தெரிந்தால் மருத்துவர் அதைப் பயன்படுத்த முடியும். ஆனால் அந்த 13இல் சிஃப்டும், அதுபோன்ற இன்னொரு கருவியான பாலிஃபென்னும் உண்டு. "சிஃப்ட், பாலிஃபென், ரெவல் மூன்றும் கெடுதல் என்கின்றன" என்று ஓர் அறிக்கை சொன்னால், ஒரே சாட்சியை வெவ்வேறு சட்டை மாட்டிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

2023இல் வந்த ஆல்ஃபாமிஸ்சென்ஸ் இந்தச் சிக்கலில் குறைவாகவே மாட்டுகிறது. மருத்துவர்கள் ஏற்கெனவே ஒட்டிய "நோய் தருவது" முத்திரைகளைப் பார்த்து அது பயிலவில்லை. மனிதப் புரதங்களில் வரக்கூடிய சுமார் 7.1 கோடி ஒற்றை அமினோ அமில மாற்றங்களை மதிப்பிட்டு, 32 சதவீதம் கெடுதலாக இருக்கலாம், 57 சதவீதம் தீங்கற்றதாக இருக்கலாம் என்றது. மீதியை நிச்சயமில்லை என்று விட்டுவிட்டது. அப்படி விட்டதே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ரெவல், ஆல்ஃபாமிஸ்சென்ஸ் இரண்டுமே கதவு பழுது என்பதோடு நின்றுவிடுகின்றன. மூளையின் சோடியம் கால்வாய்க்கான எஸ்சிஎன்2ஏ மரபணு மாறி வரும் வலிப்பில் அது போதாது. பிறந்த முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்கும் வலிப்பில் பெரும்பாலும் கால்வாய் மிகையாக வேலை செய்கிறது. ஃபினைட்டாயின் போன்ற சோடியம் தடுப்பு மருந்து அங்கே கைகொடுக்கிறது. அதற்குப் பின்னர் தொடங்குவதில் பெரும்பாலும் கால்வாயின் வேலை குறைந்திருக்கும். அதே மருந்து நிலைமையை மோசமாக்கலாம்.

2020இல் வந்த ஃபங்ஷன் என்ற கருவி மிகையா, குறைவா என்ற இந்தத் திசையைத்தான் கணிக்கிறது. சோடியம், கால்சியம் கால்வாய்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால், ஒன்றில் ஓரிடத்தில் கற்றதை மற்றொன்றின் அதே இடத்துக்குப் பொருத்திப் பார்க்கிறது. எனக்கு மிகவும் கெட்டிக்காரத்தனமாகப் படும் யோசனை இது. பொட்டாசியம் கால்வாய்க்காரர்களுக்கு இது உதவாது.

ஆகவே என் வரிசை இது. ரெவல் அல்லது ஆல்ஃபாமிஸ்சென்ஸ், இரண்டில் ஒன்றை முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டும். பிடித்த பதில் வரும்வரை கருவி மாற்றுவது ஏமாற்று. கெடுதல் என்று வந்த பிறகே ஃபங்ஷன், அதுவும் நோய் தொடங்கிய வயதோடு சேர்த்து. மருந்தே மாறும் என்ற நிலை வந்தால் பேட்ச் கிளாம்ப் என்ற ஆய்வகச் சோதனை. நேயருக்கும் சாக்மனுக்கும் 1991இல் நோபல் வாங்கித் தந்த அந்த முறைக்குக் காலம் பிடிக்கும். ஆனால் அது கால்வாயில் ஓடும் மின்னோட்டத்தையே அளக்கிறது.

இந்த வரிசைக்கும் அடங்காதவை உண்டு. எஸ்சிஎன்5ஏ புரதத்தின் 1784ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் லைசின் வந்தால், ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நீள் க்யூடியும் இன்னொருவருக்குப் புருகாடாவும் தெரிகின்றன. மிகையா குறைவா என்று மட்டும் கேட்கும் கருவியிடம் இதற்குப் பதில் இல்லை.