மணற்கரைத் துப்புரவு: இயந்திரமா, கையா?

இயந்திரம் ஒரே காலைப்பொழுதில் நெடுந்தொலைவு மணலைச் சலித்துவிடும். கையால் பொறுக்குவதற்கோ ஆட்களும் வேண்டும், நேரமும் பிடிக்கும். ஆனால் இயந்திரம் நெகிழியையும் அலை ஒதுக்கிய கடற்பாசியையும் பிரித்தறிவதில்லை. அழுகும் அப்பாசியைத் தின்று மணலில் துள்ளித் திரியும் சிறு ஓட்டுடலிகளும், அவற்றை இரையாகக் கொள்ளும் உள்ளான் போன்ற கரைப்பறவைகளும் அதனால் உணவை இழக்கின்றன. மேல்மணல் ஓயாமல் கிளறப்படும் இடத்தில் அடும்பு போன்ற கொடிகள் வேரூன்ற இயலாமல் போவதால், காற்று கொணரும் மணல் தங்கி மேடாவதும் தடைப்படுகிறது. கை, பாசியை விட்டுவிட்டுக் குப்பையை மட்டும் எடுக்கும். சிகரெட் துண்டுகள் பல கண்ணுக்குத் தப்பும் என்பது உண்மைதான் (நுண்நெகிழியோ இயந்திரச் சல்லடைக்கும் அகப்படுவதில்லை). ஆமைகள் முட்டையிடும் பருவத்திலேனும் இயந்திரத்தை அறவே நிறுத்த வேண்டும்.