பெரிய எண்ணைப் பகுக்க பாரி/ஜிபி: எதை நம்பலாம், எங்கே கவனம் வேண்டும்

2^67−1 எவ்வளவு என்று கேட்டால் கல்லூரிக் கால்குலேட்டர் 1.475739526×10^20 என்று காட்டி நின்றுவிடும். எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதை எல்லாம் பூஜ்ஜியமாக்கிவிடும். எண்ணின் குணம் தெரிய கடைசி இலக்கம் வரை வேண்டும். ஒற்றையா இரட்டையா என்பதே அங்கேதான் இருக்கிறது. இந்த வேலைக்கு, பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் உருவான பாரி/ஜிபி என்ற இலவச மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்போம்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். 2^67-1 என்று கொடுத்தால் 147573952589676412927 என 21 இலக்கமும் வருகிறது. காரணிகளைக் கேட்டு ஃபேக்டர்(2^67-1) என்றால் இரண்டு வரிசை: 193707721, 761838257287. பக்கத்தில் உள்ள 1 அடுக்கைக் குறிக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644இல் பகா எண் பட்டியலில் வைத்த எண் இது. பகு எண்தான் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1876இல் நிறுவினார், ஆனால் காரணிகள் கிடைக்கவில்லை. அவற்றை 1903இல் கொடுத்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் கோல். இன்று என்டர் தட்டியதும் விடை வந்துவிடுகிறது. நம்டிவ் கட்டளை வகுத்திகள் 4 என்கிறது. இந்த எண்ணுக்குள் இதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணும் ஆய்லர்ஃபை 147573951827644447920 தருகிறது.

தப்பு பெரும்பாலும் எண்ணைத் தட்டுவதில்தான் நடக்கிறது. ஃபேக்டர்(147,573) என்று காற்புள்ளியோடு கொடுத்தால் பிழைச் செய்தி வராது. 573ஐ இரண்டாவது உள்ளீடாக, தேடலின் எல்லையாக எடுத்துக்கொண்டு, வெறும் 147ஐ 3×7^2 என்று பகுத்துத் தந்துவிடும். விடை சரிபோலவே தெரிவதால் இதுதான் மிகவும் ஆபத்தானது. 1e20 என்று எழுதினால் அது தசம எண். பகா எண்ணா என்று சோதிக்கும் இஸ்பிரைம் கட்டளை அதை ஏற்காது. 10^20 என்றே எழுதுங்கள்.

இன்னொன்று, ஃபேக்டர் தரும் "பகா எண்கள்" இயல்புநிலையில் பிபிஎஸ்டபிள்யூ என்ற விரைவான பகா எண் சோதனையில் தேறியவை மட்டுமே, நிரூபிக்கப்பட்டவை அல்ல. 2^64 வரை அந்தச் சோதனை தவறுவதில்லை என்று சரிபார்த்திருக்கிறார்கள். மேலே உள்ள இரண்டு காரணிகளும் அந்த எல்லைக்குள்தான் வருகின்றன. அதற்கு மேல் போனால் நிரூபணம் வேண்டும்: இஸ்பிரைம் கட்டளையைத் தனியாக ஓட்டுங்கள், அல்லது ஃபேக்டர்_புரூவன் அமைப்பை 1 ஆக்குங்கள். நேரம் கூடும், ஆனால் கட்டுரையில் எழுதப்போகிற எண்ணுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது.

"பாரி ஸ்டாக் ஓவர்ஃப்ளோஸ்" என்று நின்றால் கணக்கில் பிழையில்லை, நினைவகம் போதவில்லை. பாரி எடுத்துக்கொள்ளும் நினைவகத்தின் உச்ச வரம்பான பாரிசைஸ்மேக்ஸ் அளவை 1 ஜிகாபைட்டுக்கு உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எத்தனை இலக்கம் என்பதைவிட காரணிகளின் அளவுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. 200 இலக்க எண்ணில் ஒன்றைத் தவிர மற்றக் காரணிகள் எல்லாம் சிறியவை என்றால் சட்டென்று முடியும். தலா 50 இலக்கமுள்ள இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்றால் பாரியை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பெரிய எண்களைப் பகுக்கவென்றே உள்ள கேடோ-என்எஃப்எஸ் மென்பொருள் பக்கம் போய்விடுங்கள். பகுத்துக் காட்டுங்கள் என்று சவாலாக வெளியிடப்பட்ட 250 இலக்க ஆர்எஸ்ஏ-250 எண் 2020இல் உடைபட்டது அதில்தான்.