ஐரோப்பாவில எண்ணெய் ராங்கர் ஓடுற வேலை எண்டு 685,000 ரூபாவை விழுங்கிப் போட்டாங்கள். வன்னிச் சாரதிமார் கவனம்!

கை நடுங்குது, பிழை இருந்தா மன்னியுங்கோ. இண்டைக்குக் காலமைதான் எனக்கு எல்லாம் வெளிச்சது. ஆறினா எழுத மாட்டன் எண்டு இப்பவே எழுதுறன். என்னென்ன பாக்கவேணும் எண்டு கடைசியில ஒவ்வொண்டா விளக்கிறன்.

நான் பரந்தன். டீசல் பவுசர் ஓடத் தொடங்கிப் பதினொரு வருசம், அதில நாலு வருசம் கத்தாரில. இப்ப கொலன்னாவையில ஏத்திக்கொண்டு ஏ9 ஆல மேல வாறதுதான் ஓட்டம். அப்பா ஒருகாலம் எங்கட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில வேலை செய்தவர். குளோரினை எப்பிடி மதிக்கவேணும் எண்டு சின்னனிலயே சொல்லித் தந்தவர். ஆபத்தான சாமானை ஒரு சொட்டும் சிந்தாமக் கொண்டுவந்து சேர்க்கிறதில எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையிலதான் கை வைச்சாங்கள்.

வவுனியா டவுனில ஒரு கடைக்கு மேல்மாடி. பயிற்சி நிலையமும் வெளிநாட்டு வேலை முகவரும் சேர்ந்த மாதிரி ஒண்டு. ஐரோப்பாவில எல்லை தாண்டி ஓடுற பாரவாகனம், அபாயப் பொருள், பயிற்சி, சான்றிதழ், வேலை எல்லாம் ஒரே இடத்தில எண்டு விளம்பரம். பேர் எழுதேல்ல, முறைப்பாடு குடுக்கப் போறன்.

உள்ளுக்கு இருந்த பெடியன் முதலில காசுக் கதையே எடுக்கேல்ல. சுவரில, ராங்கரில கொழுவுற செம்மஞ்சள் தகடு ஒண்டு, மேல 30, கீழ 1202. "அண்ணை, இது என்ன சாமான்?" எண்டு கேட்டான். டீசல் எண்டன். "பெற்றோலுக்கு?" மேல 33, கீழ 1203 எண்டன். 3 எண்டா தீப்பிடிக்கிற திரவம், ரெண்டு தரம் வந்தா இன்னும் கெதியாப் பிடிக்கும் எண்டும் சொன்னன். அவன் கதிரையால எழும்பி என்ர கையைப் பிடிச்சு, "அண்ணை, உங்களைப் போல ஆளைத்தான் அங்க தேடினம்" எண்டான். இவ்வளவு வருசத்தில ஒரு முதலாளியும் என்னட்ட அப்பிடிச் சொன்னதில்லை. அந்த இடத்திலயே நான் விழுந்திட்டன்.

அவன் சொன்னதில முக்கால்வாசி உண்மையும்தான். அங்க நாலரை மணித்தியாலம் ஓடினா 45 நிமிசம் கட்டாய ஓய்வு, ஒருநாளைக்கு 9 மணித்தியாலம், கிழமையில ரெண்டு நாள் மட்டும் 10. எல்லாம் சரி. "ஜேர்மனியில ஏத்திப் போலந்தில இறக்கலாம், எல்லையில மறிச்சு இறக்கிப் பாக்கிறேல்ல" எண்டான். எனக்கு ஓமந்தைச் சோதனைச்சாவடி ஞாபகம் வந்திட்டுது. வெயிலுக்க மூட்டை மூட்டையா இறக்கித் திரும்ப ஏத்தினதைக் கண்ட எங்களுக்கு அந்தச் சொல் எப்பிடி இனிச்சிருக்கும் எண்டு யோசியுங்கோ.

முதலில 85,000, பதிவும் பயிற்சியும். பிறகு 350,000, வேலை அனுமதிப்பத்திரமாம். பிறகு 250,000, தூதரகமும் காப்புறுதியுமாம். மனுசியின்ர காப்பு அடகில, பால்மாடு வித்தாச்சு, சீட்டும் கழிச்சு எடுத்தாச்சு. கடைசிக் காசு கட்டிப்போட்டு வரேக்க முறிகண்டிப் பிள்ளையாரடியில இறங்கி ரெண்டு தேங்காய் உடைச்சனான். ஆறு லட்சத்து எண்பத்தையாயிரம்!

பயிற்சி எண்டது பன்னிரண்டு நாள், இரவில ரெண்டு மணித்தியாலம் சூம். அது முடிய ஒரு பிளாஸ்ரிக் அட்டை, அங்க அபாயப் பொருள் ஏத்தி ஓடுறதுக்கு வேணுமான ஏடிஆர் சான்றிதழாம்.

பிறகு தொடங்கினது இழுவை. "ஃபைல் தூதரகத்தில." "மிஸ் லீவு." "அடுத்த கிழமை கட்டாயம் அண்ணை." நேர போனா கதவு பூட்டு, கீழ்க் கடைக்காரருக்கு ஒண்டும் தெரியாது. போன மாதம் வரை அண்ணை எண்டவன் இந்த மாதம் "நீங்கள் கையெழுத்து வைச்ச தாளை வாசியுங்கோ, காசு திரும்பாது" எண்டான். நேற்றோட என்ர நம்பரையும் மறிச்சுப் போட்டான்.

இண்டைக்கு ஜேர்மனியில ராங்கர் ஓடுற மச்சானுக்கு அட்டையைப் படமெடுத்து அனுப்பினன். உடன எடுத்தான். "அத்தான், இதில நாட்டு எழுத்து எங்க?" தன்ரதில டி எண்டு இருக்காம், குடுத்த நாட்டின்ர அடையாளம். என்ரதில ஈயூ எண்டு கிடக்கு. ஈயூ எண்டது ஐரோப்பிய ஒன்றியம், ஒரு நாடில்லை. ஏடிஆர் எண்டது 1957 இல ஜெனீவாவில எழுதின ஒப்பந்தம். அதில சேர்ந்த நாட்டின்ர அதிகாரசபைதான் சோதனை வைச்சு அட்டை குடுக்கலாம், அதுவும் அஞ்சு வருசத்துக்குத்தான். இலங்கை அதில இல்லை. ராங்கருக்கெண்டு தனிப் பயிற்சி வேற. நெருப்பு அணைக்கிறதையும் முதலுதவியையும் ஒவ்வொருத்தரும் கையால செய்து பழகவேணும், சூமில எப்பிடிச் செய்யிறது? அதோட அங்க பாரவாகனம் ஓடுற சாரதிக்குக் கோட் 95 எண்ட தொழில் தகுதியும் வேணும், கெதியா முடிக்கிற வழியே 140 மணித்தியாலம். எனக்கு நடந்தது மொத்தமா 24. பதினொரு வருசம் பவுசர் ஓடின நான் இதை முதலே மச்சானிட்டக் கேட்டிருந்தா இந்த 685,000 வீட்டில இருந்திருக்கும்.

விளக்கமா எழுத நினைச்சன், ஏலாமக் கிடக்கு. காசு கட்ட முதல் 1989 எண்ட நம்பருக்கு எடுத்து, அந்த முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர அனுமதி இருக்கோ எண்டு கேளுங்கோ. இஞ்ச வைச்சு ஏடிஆர் தாறம் எண்டா எழும்பி வாங்கோ. தனி ஆளின்ர கணக்குக்குப் போடாதேங்கோ. பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் ஒண்டையும் அழிக்காதேங்கோ. அவ்வளவுதான்.

மூண்டாம் தவணை கட்டப் போன அண்டைக்கு அந்த மாடிப்படியில முறிகண்டித் தம்பி ஒருத்தன் தாயோட இருந்தவன். அம்மான்ர கையில வங்கிப் புத்தகம். எனக்கு வேலை சரிவந்திட்டுது எண்டு நான்தான் அவைக்கு நம்பிக்கை குடுத்தனான். பேர் தெரியாது. ஆராவது தெரிஞ்சா இதை அவனிட்டக் காட்டுங்கோ. தம்பி, மிச்சக் காசைக் கட்டிப்போடாத. நாளைக்குக் காலமை நான் பொலிசுக்குப் போறன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.